நெற்றிக்காசுத் தலைவர்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. நம்பவில்லை என்று உறுதியாகச் சொல்லவும் எனக்குத் தைரியம் இருந்ததில்லை. பகலில் ஆபீஸ் வேலைக்கு நடுவே நினைத்தால் சிரிப்பு வரும். ஊருக்குப் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து நினைத்தால் சிரிப்பு வராது. எனக்கு இதைச் சொன்னவர் என் அண்ணன் மனைவி சண்முகவடிவு மதினி. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் ஒருவர் மனம் நோகக்கூடாது என்பதற்காக உண்மையைக் கொஞ்சம் அப்படி இப்படித் திருப்பி வைக்கக் கூடியவர் அவர் என்பதும் எனக்குத் தெரியும். அதுதான் என் சந்தேகத்தின் வேர்.

நான் படிப்பு முடித்துப் போபாலுக்கு ரயில்வே வேலைக்குப் போன பிறகுதான் அந்தக் காசு வந்தது. நாட்டின் பெரிய தலைவர் ஒருவருக்கு நூற்றாண்டு. பெயர் வேண்டாம், பாலங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் நீங்கள் தினமும் கடந்து போகும் ஏதாவது ஒரு சாலைக்கும் வைத்த பெயர்தான். அவர் முகம் போட்ட ஒரு ரூபாய்க் காசுகளை அரசாங்கம் அச்சடித்து மூட்டை மூட்டையாக வங்கிகளுக்கு அனுப்பியது. நெற்றியை நிமிர்த்தி, தாடையைக் கொஞ்சம் உயர்த்தி, யாரும் அவரிடம் இல்லை என்று சொல்லிவிட முடியாத மாதிரி பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருப்பார். போபாலில் அந்தக் காசைக் கொடுத்து நான் எத்தனையோ தடவை டீ குடித்திருக்கிறேன். அங்கே அவர் நிமிர்ந்தபடியேதான் இருந்தார்.

எங்கள் ஊர் ஆவரம்பேரியில் அந்தக் காசு செல்லாமல் போனதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா ஆவுடையப்பன் கண்டக்டர். ஆவரம்பேரிக்கும் திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் நடுவில் ஓடிய, ஊர் முழுக்க 'ஒம்பது மணி வண்டி' என்று சொன்ன, உண்மையில் ஒருநாளும் ஒன்பது மணிக்குக் கிளம்பாத தனியார் பஸ்ஸில், தோளில் தொங்கும் தோல் பையோடு முன்னும் பின்னும் நடந்தே ஆயுளைக் கழித்தவர். காசைப் பார்க்க மாட்டார். கண் ஜன்னலுக்கு வெளியே அடுத்த நிறுத்தத்தில் இருக்கும். கட்டைவிரல் காசைத் தடவிப் பார்த்துப் பைக்குள் விடும். அந்த விரலுக்குத் தெரியாத காசு இல்லை என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. ஒருநாள் காலையில் கருவாட்டுக்காரி பேச்சித்தாய் கொடுத்த காசில் அந்த விரல் தலைவரின் கன்னத்தில் போய் நின்றுவிட்டது.

"இது செல்லாது. வேற குடு."

"ஏன் செல்லாது? பேங்க்ல குடுத்ததுல்லா?"

"பேங்க்ல ஆயிரம் குடுப்பான். இதுல மூஞ்சி இருக்கு."

"அது தலைவரு மூஞ்சி, அண்ணாச்சி."

"தலைவரா? அப்பம் அவர எறங்கி நடந்து வரச் சொல்லு. வண்டியில எடமில்ல."

பஸ்ஸே சிரித்தது. அந்தச் சிரிப்பு ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, ஒவ்வொரு கடைக்கும் போய், பலசரக்குக் கடையில், பால் வாங்கும் இடத்தில், சினிமாக் கொட்டகையின் பெஞ்சு டிக்கெட் ஜன்னலில் என்று பரவி, சாயங்காலத்துக்குள் ஆவரம்பேரியில் தலைவர் செல்லாக்காசாகிவிட்டார். ஆவுடையப்பன் வாங்காத காசை வேறு யார் வாங்குவார்கள்? வங்கி மேனேஜர் பஸ் ஸ்டாண்டில் மைக் வைத்து, இது சட்டப்படி செல்லும், வாங்க மறுப்பது குற்றம் என்று தொண்டை கட்டும்வரை பேசினார். எல்லாரும் மரியாதையாக நின்று கேட்டார்கள். கேட்டுவிட்டு, "நல்ல மனுசன். ஆனா ஸ்கூட்டர்ல போற ஆளு. அவருக்கு என்ன தெரியும்?" என்று கலைந்து போனார்கள்.

அந்த மேனேஜர் அப்பாவிடம் நேரிலும் வந்து பேசினாராம். அவர் போன பிறகு அப்பா கைகழுவிக்கொண்டே மதினியிடம், "செல்லும்தான். எனக்கும் தெரியுது. ஆனா நேத்து செல்லாதுன்னவன் இன்னைக்குச் செல்லும்னா, நாளைக்கு நான் கிழிக்கிற டிக்கெட்ட எவன் நம்புவான்?" என்றாராம். இது அப்பா பேசுகிற மாதிரியே இருக்கிறது. இந்த இடம்வரை எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

செல்லாத காசை என்ன செய்வது? எங்கள் பக்கத்தில் இறந்தவரைக் குளிப்பாட்டிக் கிடத்தியதும் நெற்றியில் சந்தனத்தைக் குழைத்து வைத்து அதில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டுவோம். அந்தக் காசு சுடுகாட்டில் வேலை பார்க்கும் இசக்கிக்குப் போகும். செல்கிற காசை ஏன் நெற்றியில் ஒட்டவேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. ஊர் சிக்கனமான ஊர். பஞ்சுக்கடைச் சுப்பையா இறந்தபோது அவர் நெற்றிக்கு முதன்முதலாகத் தலைவர் போனார்.

சுப்பையாவின் அக்காதான் முதலில் பார்த்தாள். அழுகையை நிறுத்தாமலே பக்கத்தில் இருந்தவளின் முழங்கையை இடித்து, "ஏளா, தலைவரு தலையக் குனிஞ்சிட்டாரு" என்றாள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். தாடை நெஞ்சில் படுகிற அளவுக்கு, துக்க வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறவர் மாதிரி, தலைவர் குனிந்திருந்தார். யாரும் பயப்படவில்லை. "எழவு வீட்ல நிமிந்துட்டா நிப்பாரு? மரியாத தெரிஞ்ச மனுசன்" என்றார் ஒரு கிழவர். ஒப்பாரி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. சுடுகாட்டில் இசக்கி காசை எடுத்துத் துடைத்தபோது தலைவர் பழையபடி நிமிர்ந்திருந்தார். இசக்கிக்கு அதுவும் பெரிய விஷயமாகப் படவில்லை. அவர் கவலை வேறு. "குனியட்டும், நிமிரட்டும். டீக்கடையில வாங்கமாட்டங்கானே" என்று சொல்லிவிட்டு, அந்தக் காசைப் படி அரிசிக்கு, நெற்றிக்கு ஒட்ட வேண்டும் என்று கேட்ட இன்னொரு வீட்டில் கொடுத்துவிட்டார்.

அப்படியாகத் தலைவர் நெற்றியிலிருந்து நெற்றிக்குப் போக ஆரம்பித்தார். இது எங்க மாமா காசு, இது பெரிய வீட்டு ஆச்சி காசு என்று பெண்கள் அடையாளம் வைத்திருந்தார்கள். துக்கம் கேட்கப் போய்த் திரும்புகிறவர்களிடம், "சீக்கிரம் குனிஞ்சாரா?" என்று கேட்பது வழக்கமானது. அவர் பணக்காரருக்கும் குனிந்தார், பேச்சித்தாயின் பிறந்து சில நாளே ஆன பேரனுக்கும் குனிந்தார். குழந்தைக்கு நெற்றியை மறைத்துவிடும் என்று காசை நெஞ்சில் வைத்தார்களாம், அங்கேயும் குனிந்தார். எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளர், தான் செத்தால் அந்த ஆளின் முகத்தைத் தன் மேல் வைக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். வீட்டில் வேறு செல்லாத காசு இல்லாததால் அவர் மனைவி அதையே ஒட்டினாள். வாழ்நாளெல்லாம் தன்னைத் திட்டி மேடையில் பேசியவனுக்கும் தலைவர் குனிந்தபோது, கட்சிக்காரர்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

பிறகு அது ஒரு முறையே ஆகிவிட்டது. தலைவர் குனியாமல் யாரும் பாடைக்குத் தோள் கொடுப்பதில்லை. டாக்டர் சொன்னால் இறந்தது உறுதி. தலைவர் குனிந்தால்தான் ஊர் வழியனுப்பியது உறுதி. சந்தனம் காய்வதற்குள் குனிந்துவிடுவார் என்பதால் இதில் யாருக்கும் ஒரு சிரமமும் இருக்கவில்லை. என் அப்பாவின் முறை வரும்வரை.

அப்பா பஸ்ஸில் சாகவில்லை. அவர் அதைத்தான் விரும்பியிருப்பார். ஓய்வு நாளில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நாற்காலியில் உட்கார்ந்தபடி போய்விட்டார். எனக்குத் தந்தி வந்தது. நான் கிடைத்த ரயிலில் ஏறினேன். ஆந்திராவில் புயல் மழையில் தண்டவாளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. பெயர் தெரியாத ஒரு ஸ்டேஷனில் ரயில் நின்றது, நின்றுகொண்டே இருந்தது.

அப்பாவும் நானும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. சண்டையெல்லாம் இல்லை. அவர் பேச்சு முழுவதும் பஸ்ஸில் தீர்ந்துவிடும். வீட்டுக்கு மீதி வராது. நான் போபாலுக்குக் கிளம்பிய அன்று அவருடைய பஸ்ஸிலேயே ஜங்ஷனுக்குப் போனேன். எனக்கும் டிக்கெட் கிழித்தார். ஜங்ஷனில் நான் இறங்கியபோது திரும்பும் பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். "பாத்துப் போ" என்றார், அடுத்த ஆளிடம் கையை நீட்டிக்கொண்டே. நான் போவது அவருக்கு ஒரு பொருட்டாக இருந்ததா என்று எனக்குத் தெரியவே இல்லை. நின்றுபோன அந்த ரயிலில் நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் ஒன்றுதான்: எனக்காக வைத்திருப்பார்களா, எடுத்துவிடுவார்களா?

வீட்டில் நடந்ததை நான் பார்க்கவில்லை. மதினி சொன்னதுதான்.

குளிப்பாட்டிக் கிடத்தி, காசை ஒட்டினார்கள். சந்தனம் காய்ந்தது. தலைவர் நிமிர்ந்தே இருந்தார். காசை மாற்றினார்கள். பெரிய வீட்டு ஆச்சி காசு வந்தது, பஞ்சுக்கடைக் காசு வந்தது, குழந்தையின் நெஞ்சில் குனிந்த காசே வந்தது. எல்லாத் தலைவரும் தாடையைத் தூக்கிக்கொண்டு அப்பாவைத் தாண்டி எங்கேயோ பார்த்தார்கள்.

"பின்ன எப்பிடிக் குனிவாரு? நடந்து வரச் சொன்ன ஆளுல்லா" என்றது வாசலில் நின்ற கூட்டம்.

மதினி விடவில்லை. "எங்க மாமா சின்ன மகனுக்காகப் பாத்துக்கிட்டு இருக்காவ. அவன் வரட்டும். அதுக்குத்தான் இவரு குனியாம நிக்காரு."

"மகன் வாரதுக்கும் தலைவருக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"மாமா போகாம அவரு யாருக்குக் குனியது?"

ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கோபம் என்றது ஒன்று, காத்திருப்பு என்றது இன்னொன்று. டீக்கடையில் அரசியல் பேச்சே நின்றுவிட்டதாம். அண்ணன் தளவாய்க்கு இரண்டிலும் அக்கறை இல்லை. சோடாக் கம்பெனியிலிருந்து ஐஸ் பாளங்களை மரத்தூளில் புதைத்து மாட்டுவண்டியில் கொண்டுவருவதும், உருகுவதற்குள் அடுத்ததற்கு ஓடுவதுமாக இருந்தான். ஐஸ் கம்பெனிக்காரன் இனிமேல் பாளம் இல்லை என்று கையை விரித்த அன்று, தோள் கொடுக்க நாலு பேரைக் கூப்பிட்டுப் பார்த்தான். யாரும் வரவில்லை. ஊருக்கு அப்பா மேல் கோபமில்லை. குனியாமல் எடுத்துப் பழக்கமில்லை, அவ்வளவுதான். மதினியிடம் வந்து முதல்முறையாக உடைந்து அழுதான். "அப்பாவ இப்பிடிப் போட்டு வச்சிருக்கமே, வடிவு."

அப்போதுதான் டிரைவர் எஸ்தாக்கி எழுந்தார். அப்பாவோடு அந்த வண்டியில் ஆயுள் முழுக்க ஓட்டியவர். வந்ததிலிருந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் கண்டக்டரின் பையைத் தொடக்கூடாது என்பது அந்தத் தொழிலில் எழுதாத சட்டம்; எத்தனை வருடம் சேர்ந்து சாப்பிட்டாலும், பை சீட்டில் தனியாகக் கிடந்தாலும், தொட மாட்டார்கள். எஸ்தாக்கி சுவரில் ஆணியில் தொங்கிய பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். கூட்டம் ஒதுங்கியது. அப்பாவின் தலைமாட்டில் நின்று, "ஆவுடையப்பா, எங்க போகணும்?" என்றார்.

எஸ்தாக்கி எரிச்சலோடு, பஸ்ஸில் கேட்பது போலவே, "எங்க போகணும்ங்கேன். வண்டி நிக்குதுல்லா?" என்றார்.

"ஜங்ஷனுக்கு ஒண்ணு குடுங்க" என்றார் மதினி.

எஸ்தாக்கி நெற்றியிலிருந்து காசை எடுத்தார். கட்டைவிரலால் தடவினார். "செல்லும்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லி, பைக்குள், சிங்கம் போட்ட காசுகளோடு காசாக அதைப் போட்டார். டிக்கெட் கட்டிலிருந்து ஒன்றைக் கிழித்து அப்பாவின் விரல்களுக்கு நடுவில் செருகினார். பிறகு விசிலை எடுத்து ஊதினார்.

அந்த விசிலை நான் கேட்டேன். தெருமுனையில், பெட்டியோடு, ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்குள்ளிருந்து அப்பாவின் விசில். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, தந்தி தவறாக வந்துவிட்டது, அப்பா உயிரோடுதான் இருக்கிறார் என்று நினைத்தேன். அந்த ஒரு நொடிச் சந்தோஷத்தைப் போல ஒன்று அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் வரவில்லை. கல்யாணத்தில் இல்லை, மகள் பிறந்தபோதும் இல்லை. ஓடினேன். வீடு நிறையக் கூட்டம். முதுகுகள். முன்னால் நின்றவரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபோது உள்ளே மதினி பைக்குள் கையை விட்டு ஒரு காசை எடுப்பது தெரிந்தது. அதை மறுபடி ஒட்ட மதினி அப்பாவின் நெற்றிப் பக்கம் குனிந்தார். எனக்கு முன்னால் இருந்தவர் திரும்பி, "தம்பி வந்தாச்சு, வழி விடுங்க" என்றார். கூட்டம் முழுவதும் ஒரே மூச்சாக, பெரிய பாரத்தை இறக்கி வைத்தது போல, மூச்சு விட்டது. நான் போய் அப்பாவின் காலில் விழுந்தேன். எழுந்து முகத்தைப் பார்த்தபோது காசின் மேல் ஈரச் சந்தனமும் திருநீறும் அப்பியிருந்தது. தலைவரின் தலைமுடி மட்டும்தான் தெரிந்தது. என் கண்ணிலும் தண்ணீர். தலைவர் குனிந்துவிட்டார் என்றார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. தோள் கொடுக்க ஆள்மேல் ஆள் வந்தார்கள்.

அதற்குப் பிறகு நிரூபிக்க எதுவும் மிஞ்சவில்லை. ஆவுடையப்பன் பைக்குள் போனதால் அந்தக் காசு அன்றிலிருந்து ஆவரம்பேரியில் செல்ல ஆரம்பித்துவிட்டது. அடுக்களை டப்பாக்களில் கிடந்த தலைவர்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள். பாலுக்கும் பஸ்ஸுக்கும் பெஞ்சு டிக்கெட்டுக்கும் போனார்கள். ஒம்பது மணி வண்டி ஏறி ஜங்ஷன் போய், அங்கிருந்து நாடெங்கும் போய்விட்டார்கள். அடுத்த சாவுக்கு நெற்றியில் ஒட்ட ஒன்றுகூட அகப்படவில்லை. சாதாரணக் காசை ஒட்டினார்கள். அது சும்மா இருந்தது. முதலில் கொஞ்ச நாள் பெண்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பிறகு விட்டுவிட்டார்கள். இசக்கிக்கு மட்டும் டீ குடிக்க முடிந்தது.

அண்ணனைக் கேட்டால், "அவ சொல்லுதா. நான் என்னத்தக் கண்டேன்? ஐஸ்காரன் பின்னால அலஞ்சேன்" என்பான். எஸ்தாக்கியைக் கேட்க நான் விடுமுறைக்கு வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மிஞ்சியது மதினி.

மதினி இப்போது தாம்பரத்தில் மகள் வீட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறார். போன மாதம் போயிருந்தேன். பால்கனியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒனக்கும் நர விழுந்துட்டு தம்பி. மாமாவுக்கு இந்த வயசுல ஒத்த முடி நரைக்கல."

"அவருக்கென்ன கவலை, மதினி?"

"அப்பிடிச் சொல்லாத. ஜங்ஷன் வண்டியில யாராவது வடக்க இருந்து வந்தாவன்னா, போபால் வழியா வந்தீயளான்னு கேப்பாவளாம். எஸ்தாக்கி சொல்லிச் சிரிப்பாரு."

இதை அவர் இதுவரை எனக்குச் சொன்னதில்லை. இதுவும் என் மனம் நோகாமல் இருக்கச் சொன்னதா, எனக்குத் தெரியவில்லை. போர்வையின் என் முனையைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். ஐம்பதைத் தாண்டியவன் இதைக் கேட்கலாமா என்று கூச்சமாக இருந்தது. காசு குனிவதை நம்பாத நான், அது எப்போது குனிந்தது என்று தெரியாமல் இத்தனை வருடம் கிடந்திருக்கிறேன். டிக்கெட்டுக்குக் குனிந்திருந்தால் அது தலைவருக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்த பிணக்கு, தீர்ந்தது, அவ்வளவுதான். நான் வந்ததற்குக் குனிந்திருந்தால் அப்பா ஒருமுறையாவது, அடுத்த ஆளிடம் கையை நீட்டாமல், நான் வருகிற திசையைப் பார்த்து நின்றிருக்கிறார்.

மதினி மடித்த போர்வையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கேட்டேன்.

"மதினி, எனக்காகன்னு சொல்லாண்டாம். நடந்தத மட்டும் சொல்லுங்க. தலைவரு குனிஞ்சது எஸ்தாக்கி மாமா டிக்கெட்டக் கிழிச்சதுக்கா, இல்ல நான் வாசல்ல வந்து நின்னதுக்கா?"